ஐந்து மாத ஐரோப்பியக் குடித்தனம்: இரும்பையிலிருந்து கிளம்பும் பிள்ளைகளுக்குச் சில குறிப்புகள்

இரும்பையில் வெள்ளைக்காரர் யாராவது சைக்கிளில் போனால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. 1968 பிப்ரவரி 28 அன்று பக்கத்து மேட்டில் 124 நாடுகளின் மண்ணைத் தாழியில் இட்டு ஆரோவில்லைத் தொடங்கினார்கள். அன்றிலிருந்து பிரான்சும் ஜெர்மனியும் இத்தாலியும் நமக்கு அக்கம்பக்கம்தான். இப்போது எதிர்த்திசையிலும் ஆள் போகிறது. சென்னையிலோ புதுச்சேரியிலோ படிக்கும் திண்டிவனம், விழுப்புரம் பக்கத்துப் பிள்ளைகள், கல்லூரிகளுக்கு இடையிலான மாணவர் பரிமாற்றத்திலோ எராஸ்மஸ் பிளஸ் உதவித்தொகையிலோ ஒரே ஒரு செமஸ்டர் படிக்க ஐரோப்பா கிளம்புகிறார்கள்.

இரண்டு வருடப் படிப்புக்குப் போகிறவர்களுக்கான பட்டியல்கள் எல்லா இடத்திலும் கிடைக்கும். அதை ஒரு செமஸ்டருக்கு அப்படியே எடுத்துக்கொண்டால் பெட்டி கனக்கும், பணம் கரையும். நான்கைந்து மாதம் என்பது முழுக் குடித்தனம் போடக் குறைவு, கடையில் வாங்கிச் சாப்பிட்டே ஓட்ட அதிகம். அறையிலும் அடுப்பிலும் மிச்சப்படுத்துகிற ஒவ்வொரு யூரோவும் ரயில் டிக்கெட்டாக மாறும். அந்தக் கணக்கை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

1. முதல் வேலை இனிஷியல். மதிப்பெண் பட்டியலில் ஒற்றை எழுத்தாக நிற்பது, பாஸ்போர்ட்டில் அப்பா பெயராக விரிந்து குடும்பப் பெயர்க் கட்டத்தில் போய் உட்கார்ந்திருக்கும். அங்கே பல்கலைக்கழகம், வங்கி, காப்பீடு என எல்லோரும் அந்தப் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். விமான டிக்கெட், விசா விண்ணப்பம், அறை ஒப்பந்தம் மூன்றிலும் பாஸ்போர்ட்டில் உள்ள எழுத்துக்கூட்டலே இருக்கட்டும். ஜெர்மனியில் இன்னொன்றும் உண்டு: தபால் பெட்டியில் உங்கள் குடும்பப் பெயர் ஒட்டியிருக்காவிட்டால் கடிதம் திரும்பிப் போய்விடும். வங்கி அட்டையின் ரகசிய எண் பெரும்பாலும் தபாலில்தான் வரும். அறைக்குள் நுழைந்த அன்றே அப்பா பெயரைப் பெட்டியில் ஒட்டிவிடுங்கள்.

2. பிறப்புச் சான்றிதழை ஆங்கிலத்தில் வாங்கி, மாநில அரசின் சான்றொப்பத்துக்குப் பிறகு வெளியுறவு அமைச்சகத்தின் அப்போஸ்டில் முத்திரையையும் பெற்று வையுங்கள். பிரான்சில் மாணவர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீட்டில் பதியும்போது பிறப்புச் சான்றிதழ் கேட்பார்கள். அங்கே போனபிறகு அப்பாவை அலையவிட்டு வாங்குவதற்குள் செமஸ்டரே முடிந்துவிடும்.

3. எந்தப் பாடங்களை அங்கே படிக்கிறோம், அவை இங்கே எதற்கு ஈடாகும் என்பதை எழுதி இரண்டு கல்லூரியும் கையெழுத்திடும் ஒப்பந்தத்தை லேர்னிங் அக்ரிமென்ட் என்பார்கள். கையெழுத்தாகாமல் விமானம் ஏற வேண்டாம். ஐரோப்பியக் கணக்கில் ஒரு செமஸ்டருக்கு வழக்கமாக 30 கிரெடிட். பாடத்திட்டங்களை அங்கிருக்கும்போதே பிடிஎஃப்-ஆகச் சேமித்துக்கொள்ளுங்கள். திரும்பி வந்ததும் நம் கல்லூரித் தேர்வுப் பிரிவு முதலில் கேட்பது அதைத்தான்.

4. எந்த செமஸ்டர் என்று பார்த்துத்தான் பெட்டி கட்ட வேண்டும். பிரான்சில் வகுப்பு செப்டம்பரிலேயே தொடங்கிவிடும். ஜெர்மனியில் குளிர்கால செமஸ்டர் அக்டோபர் 1 முதல் மார்ச் 31 வரை என்று காகிதத்தில் இருந்தாலும், வகுப்புகள் ஏறக்குறைய அக்டோபர் நடுவிலிருந்து பிப்ரவரி நடு வரைதான். தேர்வு முடிந்த பிறகு மார்ச் கடைசி வரை கிடைக்கும் வாரங்கள்தான் ஊர் சுற்ற உகந்தவை. திரும்பும் டிக்கெட்டை அவசரப்பட்டுப் பிப்ரவரிக்குப் போட்டுவிடாதீர்கள். விசா எதுவரை செல்லும் என்று பார்த்து முடிவுசெய்யுங்கள்.

5. சாப்பாட்டுப் பொருளில் எது போகும், எது போகாது? இதில்தான் எல்லா வீட்டிலும் குழப்பம். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் வெளியிலிருந்து இறைச்சியும் பால் பொருளும் பயணிகள் கொண்டுபோகக் கூடாது. ஆகவே நெய்ப் புட்டி, பால்கோவா, கோழி ஊறுகாய் மூன்றையும் வீட்டிலேயே விட்டுவிடுங்கள். பழம், காய், பச்சிலைகளுக்குத் தாவர நலச் சான்றிதழ் வேண்டும். அதனால் மாம்பழமும் கிடையாது, கொல்லையில் பறித்த கறிவேப்பிலைக் கொத்தும் கிடையாது. தேங்காய், வாழைப்பழம், அன்னாசி, பேரீச்சை, டுரியன் ஆகிய ஐந்துக்கு மட்டும் சான்றிதழ் தேவையில்லை. தேங்காய்க்கு அனுமதி உண்டு என்பதற்காகக் கொப்பரையைப் பெட்டியில் போடாதீர்கள். அது தானாகச் சூடேறித் தீப்பிடிக்கக்கூடியது என்பதால் விமானத்தில் ஏற்ற மாட்டார்கள். வேடிக்கை என்னவென்றால், மீனுக்கு ஆளுக்கு 20 கிலோ வரை அனுமதி. கருவாடு தாராளமாகப் போகலாம். சுங்க அதிகாரி விட்டுவிடுவார், ஒரே சமையலறையைப் பகிர்ந்துகொள்ளும் மற்ற மாணவர்கள் விடமாட்டார்கள். சுவிட்சர்லாந்து ஒன்றியத்தில் இல்லை, அங்கே விதிகள் தனி.

6. கறிவேப்பிலையை நிழலில் உலர்த்திப் பொடியாக்கி எடுத்துப் போகலாம். பருப்புப் பொடி, ரசப்பொடி, சாம்பார்ப் பொடி, புளிக்காய்ச்சல் இந்த நான்கும் ஒரு செமஸ்டருக்குப் போதும். புளிக்காய்ச்சலை எண்ணெய் பிரியும்வரை சுண்டவைத்து, சுத்தமாக ஆறியபின் நிரப்புங்கள். வெதுவெதுப்பாக மூடினால் உள்ளே வேர்த்துப் பூஞ்சை பிடிக்கும். எண்ணெய் உள்ள எதையும் கைப்பையில் வைக்க வேண்டாம், பெரிய பெட்டியில் இரட்டைக் கவருக்குள் போடுங்கள். ஒவ்வொரு பொட்டலத்திலும் உள்ளே என்ன என்று ஆங்கிலத்தில் எழுதி ஒட்டுங்கள். பெயரில்லாத மஞ்சள் பொடியைப் பார்த்தால் எந்த ஊர் அதிகாரியும் கேள்வி கேட்பார்.

7. அரிசி, பருப்பு, ரவை எதையும் இங்கிருந்து சுமக்க வேண்டாம். ஜெர்மனியிலும் பிரான்சிலும் பெரும்பாலான ஊர்களில் துருக்கியர் அல்லது அரபியர் கடை ஒன்று இருக்கும். மைசூர்ப் பருப்பு, கொண்டைக்கடலை, கொத்தமல்லிக் கட்டு, பச்சை மிளகாய் எல்லாம் அங்கே கிடைக்கும். புல்கூர் என்று விற்பது நம் சம்பா ரவைக்கு நெருங்கிய உறவு, உப்புமா அருமையாக வரும். ஜெர்மன் கடைகளில் கிரீஸ் என்றும், பிரெஞ்சுக் கடைகளில் செமூல் ஃபீன் என்றும் இருப்பது ரவைதான். பால்சோறு செய்ய அவர்கள் விற்கும் குண்டு அரிசி குழைந்துவிடும். பிரியாணிக்கு ஆகாது, தயிர்சாதத்துக்கும் வெண்பொங்கலுக்கும் அதைவிட நல்ல அரிசி கிடையாது. இனிப்பில்லாத சாதாரண யோகர்ட்டை ஒரு ஸ்பூன் உறைக்கு ஊற்றினால் நம் தயிரே கிடைக்கும்.

8. சைவம் சாப்பிடுகிறவர்கள் கவனிக்க: நம் ஊர்ப் பொட்டலத்தில் இருக்கும் பச்சைப் புள்ளி அங்கே கிடையாது. ஆனால் பால், முட்டை, மீன் முதலான 14 ஒவ்வாமைப் பொருட்களைச் சேர்மானப் பட்டியலில் தனித்துத் தெரியும்படி அச்சிட வேண்டும் என்பது சட்டம். தடித்த எழுத்தைத் தேடிப் படியுங்கள். ஜெலட்டின் அந்தப் பதினான்கில் இல்லை. ஜெல்லி மிட்டாய், சில யோகர்ட், கேக் மேல்பூச்சு ஆகியவற்றில் அது ஒளிந்திருக்கும்.

9. தேங்காய் எண்ணெயை வாய் அகன்ற டப்பாவில் கொண்டுபோங்கள். 24 டிகிரிக்குக் கீழே அது உறையத் தொடங்கும். மார்கழி விடியலில் நம் வீட்டிலேயே உறைவதைப் பார்த்திருப்பீர்கள், அங்கே அறைக்குள்ளும் பெரும்பாலும் அந்த நிலைதான். குறுகிய வாய்ப் புட்டி என்றால் கத்தியை விட்டுத்தான் தோண்ட வேண்டும்.

10. மின்சாரம் இரண்டு இடத்திலும் 230 வோல்ட்தான், மின்மாற்றி எதுவும் வாங்க வேண்டாம். இரண்டு முள் போன் சார்ஜர் பெரும்பாலும் நேராகவே பொருந்தும். மூன்று முள் பிளக்தான் பொருந்தாது. ஒவ்வொரு கருவிக்கும் ஒரு அடாப்டர் வாங்குவதைவிட, நம் ஊர் நீட்டிப்புப் பெட்டி ஒன்றும் அதற்கு ஒரே ஒரு தரமான அடாப்டரும் போதும். அதில் லேப்டாப், போன் மாதிரிச் சிறியவற்றை மட்டும் செருகுங்கள். கெட்டிலும் ஹீட்டரும் சுவரிலேயே இருக்கட்டும். பவர் பேங்க் கைப்பையில்தான் வர வேண்டும்.

11. மூன்று லிட்டர் குக்கர் ஒன்று உண்மையிலேயே உதவும். வாங்குமுன் அடியில் ஒரு காந்தத்தை வைத்துப் பாருங்கள். ஒட்டினால் இண்டக்‌ஷன் அடுப்பில் வேலை செய்யும். வெறும் அலுமினியக் குக்கர் அங்கே சும்மாதான் உட்கார்ந்திருக்கும். உதிரி கேஸ்கட் ஒன்றும் சேஃப்டி வால்வு ஒன்றும் மறக்காதீர்கள், அவை அங்கே கிடைப்பது கஷ்டம். குக்கருக்குள்ளேயே பொடிப் பொட்டலங்களை அடுக்கினால் இடமும் மிச்சம். விசில் சத்தம் கேட்டுப் பக்கத்து அறைக்காரர் ஓடிவரலாம். முதல் நாளே கூப்பிட்டுக் காட்டி, ஒரு கிண்ணம் சாம்பார் கொடுத்துவிடுவது நல்லது.

12. தாளிப்பில்தான் பல விடுதிகளில் தீ அலாரம் அலறுகிறது. எண்ணெயைப் புகைய விடாமல் மிதமான சூட்டில் கடுகைப் போட்டு உடனே மூடி வையுங்கள். வெடித்து அடங்கியதும் அடுப்பை அணைத்துவிட்டு, மிச்சமிருக்கும் சூட்டிலேயே மிளகாயைப் போட்டால் நெடி ஏறாது. புகைபோக்கி விசிறியை முதலில் போட்டுவிட்டு அப்புறம் அடுப்பைப் பற்றவையுங்கள். அறைக் கதவைத் திறந்து புகையை நடைவழிக்கு விடவே கூடாது. அங்கே இருக்கும் கருவிதான் மொத்தக் கட்டடத்தையும் தெருவில் நிறுத்தும். தீயில்லாமல் தீயணைப்பு வண்டி வந்தால் அந்தச் செலவை மாணவர் தலையில் கட்டும் விடுதிகளும் உண்டு. இன்னும் சுலபமான வழி, வீட்டிலேயே எண்ணெயில் கடுகு, உளுத்தம்பருப்பு, மிளகாய், பெருங்காயம் தாளித்து ஒரு சின்ன டப்பாவில் கொடுத்தனுப்புவது. ஈரம் படாமல் ஒரு ஸ்பூன் எடுத்துச் சூடான குழம்பில் கலந்தால் போதும். முதல் ஒரு மாதம் அலாரம் பற்றிய கவலையே இல்லை.

13. அப்பளத்தைப் பொரிக்க வேண்டியதில்லை. இரண்டு பக்கமும் விரல் நுனியால் எண்ணெய் தடவி மைக்ரோவேவில் முக்கால் நிமிடம் வைத்தால் பொரிந்துவிடும்.

14. மாவு புளிக்கவில்லை என்று குளிர்காலத்தில் எல்லோரும் புலம்புவார்கள். ஓவனைச் சூடுபடுத்தாமல் உள்ளே விளக்கை மட்டும் எரியவிட்டு, மாவுப் பாத்திரத்தை ராத்திரி முழுக்க வைத்தால் போதும். சமையலறை பொது என்றால் ‘திறக்க வேண்டாம், உயிருள்ளது’ என்று ஒரு சீட்டு ஒட்டி வையுங்கள். மிக்சியை ராத்திரி 10 மணிக்கு மேலும் ஞாயிற்றுக்கிழமையும் ஜெர்மனியில் ஓட்டக் கூடாது. ஓய்வு நேர அமைதியை அவர்கள் கோயில் விரதம் போலக் காப்பார்கள். உண்மையைச் சொன்னால், ஐந்து மாதத்துக்கு மிக்சி சுமப்பதே வீண். மாவுப் பொட்டலம் விற்கிற தமிழ்க் கடையைக் கண்டுபிடிப்பது மேல்.

15. அந்தத் தமிழ்க் கடை எங்கே? பாரிஸில் கார் து நோர் ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலேயே லா ஷப்பேல் இருக்கிறது. ஈழத்தமிழர் நடத்தும் கடைகள் வரிசையாக இருக்கும். கறிவேப்பிலை, முருங்கைக்காய், இட்லி அரிசி எல்லாம் உண்டு. ஆகஸ்ட் கடைசியில் அங்கே மாணிக்க விநாயகர் ஆலயத் தேர் ஓடும். செப்டம்பர் வகுப்புக்குச் சில நாள் முன்னதாகப் போகிறவர்கள் பார்த்துவிடலாம், தெருவெல்லாம் தேங்காய் உடைப்பார்கள். ஜெர்மனியில் ஹம் நகரத்தில் காமாட்சி அம்மன் கோயில் 2002-இல் கோபுரத்தோடு எழுந்தது. அதற்குக் கோடையில் தேர், அதனால் ஏப்ரலில் தொடங்கும் செமஸ்டர்காரர்களுக்கு வாய்ப்பு. இரும்பை மாகாளேசுவரரை விட்டுப்போன ஏக்கம் உள்ளவர்கள் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். மற்ற ஊர்களில் ஆசியக் கடை என்ற பலகை இருந்தால் உள்ளே நுழைந்து பாருங்கள்.

16. படுக்கை பற்றி ஒரு கதை. 1914 ஏப்ரலில் இங்கிலாந்து போய்ச் சேர்ந்த கணித மேதை ராமானுஜன், கேம்பிரிட்ஜில் ராத்திரியெல்லாம் குளிரில் நடுங்கினார். மேலங்கியையும் சால்வையையும் சுற்றிக்கொண்டு, விரித்திருந்த படுக்கைக்கு மேலேயே படுத்திருக்கிறார். கம்பளிகளை மெத்தைக்கு அடியில் இறுக்கிச் செருகியிருந்தார்கள். அவற்றை விலக்கி உள்ளே புகுந்து படுக்க வேண்டும் என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை. அங்கே படித்துக்கொண்டிருந்த நண்பர் மகலனோபிஸ் பார்க்கப்போனபோதுதான் கம்பளிகளை விலக்கிக் காட்டினார். இன்றும் சொல்லிக்கொடுக்க வேண்டிய விஷயம்தான் இது. ஜெர்மன் விடுதிகளில் தனிப் போர்வை, மேல்விரிப்பு என்று இருக்காது. கனமான ரஜாய் ஒன்றை உறைக்குள் திணித்துப் போர்த்திக்கொள்ள வேண்டும். அந்த உறையின் அளவு 135க்கு 200 சென்டிமீட்டர் என்றால், தலையணை 80க்கு 80 என்று சதுரமாக இருக்கும். இங்கிருந்து கொண்டுபோகும் தலையணை உறை எதுவும் பொருந்தாது. அங்கேயே வாங்குங்கள். போகிற செமஸ்டர்காரர்கள் வருகிறவர்களுக்குப் பாதி விலைக்கு விற்பார்கள், விடுதி அறிவிப்புப் பலகையைப் பாருங்கள்.

17. குளியலறைத் தரையில் தண்ணீர் ஊற்றாதீர்கள். பல கட்டடங்களில் தரையில் வடிகாலே கிடையாது, தண்ணீர் கீழ்வீட்டுக் கூரையில் சொட்டும். குளிப்பது தடுப்புக்குள், திரையை உள்பக்கமாக விட்டு. கழிப்பறையில் தண்ணீர்க் குழாய் இருக்காது, ஒரு சிறிய பிளாஸ்டிக் மக் பெட்டியில் கட்டாயம். வெட்கப்பட ஒன்றுமில்லை, எல்லாத் தமிழ் மாணவரும் அதைத்தான் செய்கிறார்கள். ஊர் சுற்றும்போது அந்த வேலைக்கு அரை லிட்டர் தண்ணீர்ப் புட்டி.

18. அங்குள்ள பல ஊர்த் தண்ணீர் கடினம். கெட்டிலில் வெள்ளையாகப் படியும், குழாயில் உப்புப் பூக்கும். வெள்ளை வினிகரும் தண்ணீரும் சம அளவு ஊற்றிக் கொதிக்கவிட்டு, அரை மணி நேரம் கழித்துக் கொட்டி இரண்டு முறை அலசினால் கெட்டில் புதிதாகும். குழாய்த் தலைக்கு வினிகர் நிரப்பிய கவரை ரப்பர் பேண்டால் கட்டிவிடுங்கள். முடி கொட்டுகிறது என்று அம்மாவுக்குப் போன் போடுமுன் இந்தத் தண்ணீரையும் சந்தேகியுங்கள்.

19. குளிர்காலத்தில் ஜன்னலை நாள் முழுக்க மூடியே வைத்துத் துணியையும் உள்ளேயே காயப்போட்டால், மூலைச் சுவரில் கரும்பூஞ்சை வரும். அதைச் சாக்காக வைத்து முன்பணத்தில் கை வைப்பார்கள். காலையும் மாலையும் ஹீட்டரைக் குறைத்து, ஜன்னலை அகலத் திறந்து, ஐந்து பத்து நிமிடம் காற்று வாங்க விடுங்கள். கொஞ்சமாகத் திறந்து நாளெல்லாம் விடுவதால் சூடுதான் வீணாகும்.

20. துணி துவைப்பது பொது எந்திரத்தில், ஒரு சுற்றுக்குக் காசு. புது நிறத் துணிகளை இங்கேயே இரண்டு முறை உப்புத் தண்ணீரில் நனைத்து அலசி, சாயம் போகவிட்டு எடுத்துப் போங்கள். எல்லாவற்றுக்கும் 30 அல்லது 40 டிகிரி போதும். துண்டும் படுக்கை உறையும் மட்டும் 60. கம்பளி ஸ்வெட்டரை அந்தச் சூட்டில் போட்டால் குழந்தைக்குத்தான் ஆகும்.

21. குளிர் கோட்டை இங்கே வாங்காதீர்கள். நம் கடைகளில் கனமாகத் தெரிவது அங்கே நவம்பரைக்கூடத் தாண்டாது. பழைய துணிக்கடைகளில் நல்ல கோட் மலிவாகக் கிடைக்கும். இங்கிருந்து கொண்டுபோக வேண்டியவை உள்ளே போடும் தெர்மல் இரண்டு ஜோடி, கம்பளி சாக்ஸ், உதட்டுக்கு வாசலின். பருத்தி பனியன் வேர்வையை உறிஞ்சி ஈரமாகவே ஒட்டிக்கொள்ளும், குளிர் இன்னும் ஏறும். டிசம்பரில் பெர்லினில் மாலை 4 மணிக்குள் சூரியன் மறைந்துவிடும். பகலில் கிடைக்கும் வெயிலை விடாமல் ஒரு நடை போய் வாருங்கள், இல்லாவிட்டால் மனசும் சேர்ந்து இருட்டும்.

22. போய் இறங்கியதும் சில வேலைகளுக்குக் கெடு உண்டு. ஜெர்மனியில் குடிபுகுந்த இரண்டு வாரத்துக்குள் முகவரிப் பதிவு. இத்தாலியில் எட்டு வேலைநாளுக்குள் தங்கும் அனுமதிக்கு விண்ணப்பம். பிரான்சில் நீண்ட கால மாணவர் விசாவை மூன்று மாதத்துக்குள் இணையத்தில் உறுதிசெய்ய வேண்டும். சாவி வாங்கிய அன்றே அறையின் ஒவ்வொரு கீறலையும் கறையையும் படம் எடுத்து, விடுதி அலுவலகத்துக்கு மின்னஞ்சலில் அனுப்பிவிடுங்கள்.

23. புதுச்சேரி பக்கத்தில் இருப்பது நமக்கு வரம். அலியான்ஸ் பிரான்சேஸில் அடிப்படை பிரெஞ்சு படித்துவிட்டுப் போகலாம். ஜெர்மனுக்குச் சென்னை மாக்ஸ்முல்லர் பவன். வகுப்பு ஆங்கிலத்தில்தான் என்றாலும் வாடகை ஒப்பந்தமும் சலவை எந்திரமும் உள்ளூர் மொழியில்தான் பேசும். ஆரோவில் பக்கத்துக் குயிலாப்பாளையத்தில் ரொட்டி வாங்க வரும் வெள்ளைக்காரப் பாட்டிமாரிடம் பழகிப் பாருங்கள். வகுப்பில் கிடைக்காத பேச்சு வழக்கு கிடைக்கும், கிளம்பும்போது ஒரு தூரத்து உறவு முகவரியும் கிடைத்தாலும் கிடைக்கும்.

24. ஏடிஎம்மில் பணம் எடுக்கும்போதும் கடையில் அட்டை தேய்க்கும்போதும் ‘ரூபாயில் கணக்கிடவா, யூரோவிலா?’ என்று திரையில் கேட்கும். எப்போதும் யூரோ. ரூபாய் என்று அழுத்தினால் மாற்று விகிதத்தில் அந்த எந்திரக்காரர் வைத்ததுதான் சட்டம்.

25. ஜெர்மனியில் தண்ணீர், குளிர்பானப் புட்டிகளுக்கு முன்பணம் உண்டு. ஒரு முறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்கும் டின்னுக்கும் 25 சென்ட். குவித்துவைத்து சூப்பர் மார்க்கெட் எந்திரத்தில் போட்டால் ரசீது வரும், அதைப் பில்லில் கழித்துக்கொள்வார்கள். நசுக்கிவிடாதீர்கள், எந்திரம் ஏற்காது. கண்ணாடிச் சீசாக்களைத் தெருத் தொட்டியில் ஞாயிறன்று போடவும் கூடாது, சத்தம்.

26. இனி ஊர் சுற்றல். வெளிநாட்டார் வாங்கும் ரயில் பாஸ் யூரெயில், ஐரோப்பாவில் வசிப்பவர்களுக்கு இன்டர்ரெயில். தங்கும் அனுமதி கையில் இருந்தால் நீங்களும் வசிப்பவர்தான், 27 வயது வரை இளைஞர் சலுகையும் உண்டு. ஆனால் நீங்கள் குடியிருக்கும் நாட்டுக்குள் அது வெளியே போக ஒரு முறை, திரும்ப ஒரு முறைதான் செல்லும். பிரான்ஸ், இத்தாலி, ஸ்பெயின் அதிவேக ரயில்களில் பாஸ் இருந்தும் இருக்கைக்குத் தனியே கட்ட வேண்டும். ஜெர்மனி, ஆஸ்திரியா பக்கம் பெரும்பாலும் வேண்டாம். இரண்டு மூன்று ஊர் மட்டும் போகிறவர்களுக்குப் பாஸ் நஷ்டம். முன்கூட்டியே எடுத்த தனி டிக்கெட்டோ ராத்திரி பஸ்ஸோ மலிவு. ஜெர்மனிக்குள் சுற்ற மாதச் சந்தா டிக்கெட் 2026 ஜனவரி முதல் 63 யூரோ. உள்ளூர், வட்டார ரயிலுக்கு மட்டும் ஆகும். தானாகப் புதுப்பித்துக்கொண்டே போகும் என்பதால் நிறுத்த வேண்டிய மாதத்தில் 10-ஆம் தேதிக்குள் ரத்து செய்யுங்கள்.

27. நீண்ட கால விசா உள்ளவர் மற்ற செங்கன் நாடுகளில் எந்த 180 நாளிலும் 90 நாள் வரை சுற்றலாம். 2025 ஜனவரியில் பல்கேரியாவும் ருமேனியாவும் முழுமையாகச் சேர்ந்து இப்போது 29 நாடு. லண்டனும் டப்ளினும் அதில் இல்லை, தனி விசா வேண்டும். விசா ஒற்றை நுழைவு என்றால் வெளியே போனவர் திரும்ப நுழைய முடியாது. எல்லையில் சோதனை இல்லை என்று பாஸ்போர்ட்டை அறையிலேயே விட்டுவிடவும் கூடாது, ரயிலில் போலீஸ் கேட்கும்.

28. மலிவு விமானம் ஏறுமுன் பை அளவைப் பாருங்கள். டிக்கெட்டைவிடப் பைக்குக் கூடுதலாகப் போகும். ஐரோப்பியர் அல்லாதவர்கள் விசா சரிபார்ப்பை முடித்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும் என்று சில நிறுவனங்கள் கேட்கும், அதற்கும் நேரம் வையுங்கள்.

29. பிரான்சில் தேசிய அருங்காட்சியகங்கள் 18 முதல் 25 வயது வரையிலான ஐரோப்பிய ஒன்றியவாசிகளுக்கு இலவசம். வசிப்பதற்கான விசாவைக் காட்டினால் நம் பிள்ளைகளுக்கும்தான். லூவ்ருக்குப் பலமுறை போகலாம், ஒரே நாளில் ஓடிப் பார்க்க வேண்டிய அவசியமில்லை. இத்தாலியில் அரசு அருங்காட்சியகங்கள் மாதத்தின் முதல் ஞாயிறு எல்லோருக்கும் இலவசம், கூட்டமும் அதற்கேற்ப. ஆம்ஸ்டர்டாமில் ஆன் ஃபிராங்க் வீட்டுக்கு ஆறு வாரத்துக்கு முன்பே செவ்வாய்க்கிழமைகளில் டிக்கெட் விடுவார்கள், வாசலில் போய்க் கேட்டுப் பயனில்லை.

30. பயணப் பையில் ஒரு பூட்டு (தங்கும் விடுதி அலமாரிக்கு), மெல்லிய ஈரிழைத் துண்டு, காலித் தண்ணீர்ப் புட்டி, சில்லறை. நம் ஈரிழைத் துண்டு அரை மணியில் காயும், அங்கே வாங்கும் டர்க்கித் துண்டு மறுநாளும் ஈரம். குழாய்த் தண்ணீர் குடிக்கலாம், ரோமில் தெருக் குழாயிலேயே சதா ஓடும். கழிப்பறைக்குத்தான் காசு. சப்பாத்தியில் பருப்புப் பொடியும் எண்ணெயும் தடவிச் சுருட்டினால் இரண்டு நாள் கெடாது.

31. வீட்டு நாள்காட்டியில் மார்ச், அக்டோபர் கடைசி ஞாயிறுகளை வட்டமிட்டு வையுங்கள். அன்று அங்கே கடிகாரத்தை மாற்றுவார்கள். குளிரில் நமக்கும் மேற்கு ஐரோப்பாவுக்கும் நாலரை மணி, கோடையில் மூன்றரை. தெரியாமல் கூப்பிட்டு, வகுப்பில் இருக்கும் பிள்ளை எடுக்கவில்லை என்று அம்மா பதற வேண்டாம். அவசரத்துக்கு ஐரோப்பிய ஒன்றியம் முழுக்க ஒரே எண் 112.

32. பல் வேலை, கண்ணாடி எல்லாம் கிளம்புமுன் முடித்துவிடுங்கள். ஒரு கண்ணாடி கூடுதலாக இருக்கட்டும். வழக்கமாகச் சாப்பிடும் மாத்திரையை, மருந்தின் பொதுப்பெயர் எழுதிய மருத்துவர் சீட்டோடு கொண்டுபோங்கள். ஆன்டிபயாட்டிக் அங்கே சீட்டில்லாமல் கிடைக்காது. பிரான்சில் பாராசிட்டமாலையும் மருந்துக் கடையில்தான் வாங்க முடியும்.

33. திரும்பும் வாரம் ஓவனையும் ஃபிரிட்ஜையும் தேய்த்துக் கழுவி, முதல் நாள் எடுத்த அதே கோணங்களில் மறுபடி படம் எடுங்கள். குக்கரை அடுத்து வரும் தமிழ்ப் பிள்ளைக்கு விற்றுவிட்டு, அந்தக் கனத்தில் புத்தகம் ஏற்றுங்கள். ஜெர்மனியில் முகவரிப் பதிவை நீக்க மறக்காதீர்கள். மதிப்பெண் சான்று பெரும்பாலும் நீங்கள் ஊர் திரும்பிய பிறகுதான் வரும், யாருக்கு அனுப்புவது என்று அலுவலகத்தில் எழுதிக் கொடுங்கள். அறை முன்பணம் கணக்கில் ஏறும்வரை அங்குள்ள வங்கிக் கணக்கை மூடாதீர்கள்.